ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேள்வி பதில் பகுதியில் முதுகலை ஆங்கிலம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்ததைப் படித்தேன். ஐரோப்பிய இலக்கியத்தையும் பண்பாட்டுக் கோட்பாட்டையும் ஒழுங்காகப் படிக்க ஆசை, விடுதிக் கட்டணம் போக மிஞ்சும் பணத்தில் கனமான புத்தகம் ஒன்றுதான் வாங்கலாம், எதை வாங்குவது என்று கேட்டிருந்தார். பதிலில் பதினொரு புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்பது, கோட்பாடுகளை அறிமுகப்படுத்தும் கையேடுகள். "மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் முடிந்திருந்தது.

அந்தப் பெண் ஒன்று கேட்டார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மானிய அறிஞர் எரிக் ஆவர்பாக் எழுதிய 'மிமெசிஸ்'. பழைய கிரேக்க காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய இலக்கியம் நிஜ வாழ்க்கையை எப்படிக் காட்டியது என்று பார்க்கும் நூல் அது.

தென் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் நூலகராக இருந்தவள் நான். இலக்கியப் பேராசிரியர் இல்லை. ஆனால் எந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. அந்தப் "பிறகு" பெரும்பாலானவர்களுக்கு வரவே இல்லை. கையேட்டை எடுத்தார்கள், அமைப்பியல், பின் அமைப்பியல் என்ற கோட்பாடுகளுக்கு நான்கு நான்கு பக்கம் குறிப்பெடுத்தார்கள், தேர்வு எழுதினார்கள், போய்விட்டார்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா என்ன சொன்னார் என்று கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். ஒரு கவிதையைக் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள் வாங்கி வைத்ததைத்தானே அவர்கள் படித்தார்கள்.

வாங்கிய கதையையும் சொல்லவேண்டும். மார்ச் மாதம் வந்தால் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரம் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. ஒரு வருடம் அப்படிக் கடைசி வாரத்தில் எங்களுக்கு ஒரு தொகை இருந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஆவர்பாக், குர்ட்டியஸ், ரேமண்ட் வில்லியம்ஸ், பக்தின் போன்ற இலக்கிய விமரிசகர்களின் பதினான்கு தலைப்புகள். வந்து இறங்கியது ஒரே கோட்பாட்டுக் கையேட்டின் நாற்பது பிரதிகள். எல்லா மாணவர்களுக்கும் கிடைக்கும், தேர்வுக்கும் உதவும் என்று வாங்கும் குழு முடிவு செய்துவிட்டது. நாற்பது பிரதிக்கும் முத்திரை குத்தி, நூலகப் பதிவேட்டின் அக்சஷன் எண் எழுதி, பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியவள் நான்தான். பாடத்திட்டம் மாறியதும் அந்த நாற்பதும் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டன. அந்த வருடத்து மாணவர்களுக்குக் கிடைக்காமல் போன பதினான்கு புத்தகங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

'மிமெசிஸ்' அதற்கு அப்புறம் மூன்று வருடம் கழித்து, ஒரே பிரதியாக வந்தது. அது எப்படிப் படிக்கப்பட்டது என்பதைப் புத்தகமே காட்டும். மூடி வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். விரல் பட்ட பக்கங்களின் விளிம்பு பழுப்பேறியிருக்கும், படாதவை வெள்ளையாகவே இருக்கும். எங்கள் பிரதியில் முன்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு நல்ல பழுப்பு. நடுவில் மெல்லிய கோடாக ஒன்று, அது இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றிய அத்தியாயம். கடைசியில் இன்னொரு கோடு, ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் பற்றியது. இடைப்பட்ட இடமெல்லாம் அநேகமாக வெள்ளைதான். முழுதாகப் படித்தவர்கள் குறைவு. ஆனால் அந்த மூன்று இடத்தில் படித்தவர்கள் அதை மறக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்று அந்தத் தழும்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தழும்பு என்றது முதல் அத்தியாயத்தை. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காப்பியம், பத்தொன்பதாம் காண்டம். போருக்குப் போய் இருபது வருடம் கழித்து ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கிறான். அவனைச் சிறுவயதில் வளர்த்த கிழவி யூரிக்ளியா, வந்த விருந்தாளி யார் என்று தெரியாமல் கால் கழுவிவிடுகிறாள். தொடையில் இருக்கும் பழைய தழும்பு கையில் தட்டுப்படுகிறது. அந்த நொடியில் ஹோமர் கதையை நிறுத்திவிடுகிறார். சிறுவனாகத் தாத்தா ஊருக்குப் போனது, காட்டுப்பன்றி வேட்டை, பன்றி குத்தியது, வீட்டுக்குத் திரும்பியது என்று எழுபது வரிக்கு மேல் அந்தத் தழும்பின் கதை ஓடுகிறது. அப்புறம்தான் கிழவியின் கையிலிருந்து கால் நழுவுகிறது, வட்டில் சாய்ந்து தண்ணீர் கொட்டுகிறது. ஏன் இப்படி என்று ஆவர்பாக் கேட்கிறார். ஆவலைத் தூண்டுவதற்காக என்று நமக்குத் தோன்றும். அவர் அதை மறுக்கிறார். ஹோமருக்கு எதையும் இருட்டில் விட முடியாது, வந்த பொருள் ஒவ்வொன்றும் முழு வெளிச்சத்தில் நிற்கவேண்டும், தழும்பு வந்துவிட்டால் அதன் கதையும் வந்தே தீரவேண்டும் என்கிறார்.

உடனே பக்கத்தில் பைபிளின் ஆதியாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்து வைக்கிறார். கடவுள் சொன்னபடி தன் மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மூன்று நாள் நடக்கிறான். வழியில் என்ன பார்த்தான், என்ன நினைத்தான், ஒன்றும் இல்லை. கூப்பிட்ட கடவுள் எங்கிருந்து கூப்பிட்டார் என்றும் இல்லை. சொல்லாமல் விட்டதன் கனம் முழுக்க அந்தப் பயணத்தின் மேல் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த பெண் ஒருத்தி, அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், இந்த இடத்தைக் கவுண்டர் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். மறுநாள் கைப்பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட தமிழ் வேதாகமத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "மேடம், இதை நான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாடமா சொல்லியிருக்கேன். 'இதோ அடியேன்'னு ஆபிரகாம் சொல்றதுக்கு இவ்வளவு இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்றாள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் ஆவர்பாக் எழுதுகிறார்: அது ஆபிரகாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிற சொல் இல்லை, கூப்பிட்டவர் முன்னால் கீழ்ப்படியத் தயாராக நிற்கும் அவன் நிலையைக் காட்டுகிற சொல். அவள் அந்த அத்தியாயத்தை முடிப்பதற்குள் மூன்று முறை புதுப்பித்துக்கொண்டாள். ஆங்கிலம் அவளுக்குச் சுலபமாக வந்ததில்லை. ஒரு பக்கத்துக்கு இருபது சொல்லாவது அகராதியில் பார்த்திருப்பாள். ஆனாலும் அவளுக்கு ஏற்கெனவே நெருக்கமான ஒரு பகுதியை ஆவர்பாக் எடுத்து அவள் கண் முன்னால் படித்துக் காட்டியதால் கூடவே போக முடிந்தது. கையேடு படித்தவர்கள் யாரும் மறுநாள் இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்ததில்லை.

'மிமெசிஸ்' எழுதப்பட்ட விதத்தையும் அந்த மாணவி தெரிந்துகொள்ளட்டும். ஆவர்பாக் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். யூதர் என்பதால் 1935இல் வேலை போயிற்று. 1936இல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். போர் நடந்துகொண்டிருந்த 1942க்கும் 1945க்கும் இடையில் அங்கே உட்கார்ந்து இதை எழுதினார். 1946இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அச்சானது. இஸ்தான்புல்லில் ஐரோப்பிய இலக்கிய ஆய்வுக்கு வேண்டிய நூலகம் இல்லை, புதிய ஆய்விதழ்கள் வரவில்லை என்று பின்னுரையில் சொல்கிறார். அதோடு, எல்லா ஆய்வுகளும் கைக்குக் கிடைத்திருந்தால் இந்தப் புத்தகத்தை எழுதும் கட்டத்துக்கே வந்திருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார். முழுக்கப் புத்தகமே இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். கலாத்தா பகுதியில் டொமினிக்கன் துறவிகளின் மடத்துப் பரணில் லத்தீன் திருச்சபைத் தந்தையரின் பெருந்தொகுப்பு இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு அனுமதி வாங்கித் தந்தவர் அப்போது அங்கே போப்பாண்டவரின் பிரதிநிதியாக இருந்த ரொன்காலி. பிற்பாடு இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர் அவர்தான். ஒரு நூலகராக, அந்தப் பரணைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

சரி, உங்கள் பட்டியலில் இருந்த குர்ட்டியஸுக்கு வருகிறேன். 'ஐரோப்பிய இலக்கியமும் லத்தீன் மத்திய காலமும்'. பதினொன்றில் கையேடு அல்லாத இரண்டில் அது ஒன்று. பெரிய புத்தகம், பெரிய மனிதர். ஜெர்மனியின் பான் (Bonn) நகரத்தில் இருந்த அவர் 1932இலேயே ஜெர்மானியப் பண்பாட்டுக்கு வரும் ஆபத்தைப் பற்றி எச்சரித்து எழுதியவர். அப்புறம் நாஜி ஆட்சி முழுவதும் ஜெர்மனியிலேயே இருந்து, மத்திய கால லத்தீனுக்குள் இறங்கி வேலை செய்தார். 1948இல் இந்தப் புத்தகம் வந்தது. வியப்பு என்னவென்றால், ஆவர்பாக்கை வெளியிட்ட அதே பெர்ன் பதிப்பகம்தான் இதையும் வெளியிட்டது. இரண்டையும் ஆங்கிலத்தில் தந்தவரும் ஒருவரே, வில்லர்ட் டிராஸ்க். இரண்டும் ஆங்கிலத்தில் வந்தது ஒரே வருடம், 1953. ஒரே கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதற்கென்றே வந்தவைபோல இருக்கும்.

குர்ட்டியஸ் செய்வது வேறு வேலை. ஹோமரிலிருந்து ஜெர்மானியக் கவிஞர் கதே வரைக்கும் கவிஞர்கள் திரும்பத் திரும்பக் கையாளும் வழக்கமான கருத்துகளைத் தேடி எடுத்து அடுக்குகிறார். "சொல்ல வார்த்தை இல்லை" என்று கவிஞர் சொல்வது ஒன்று. "எனக்குத் திறமை போதாது" என்று பணிவு காட்டித் தொடங்குவது இன்னொன்று. நம் காப்பியங்களின் அவையடக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கரும்பாக இருக்கும். சிறுவனுக்குள் கிழவனின் அறிவு, தலைகீழான உலகம், இயற்கையே ஒரு புத்தகம் என்று போய்க்கொண்டே இருக்கும். பதினெட்டு அத்தியாயமும் இருபத்தைந்து பின்னிணைப்பும். ஆனால் ஒரே புத்தகம் வாங்கும் மாணவிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டு சொல்லடைவு வழியாக நுழைந்து, எடுத்துக்கொண்டு வெளியே வரும் புத்தகம் இது. அதன் இடம் நூலகத்தின் குறிப்புதவிப் பகுதி. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பிரதி இருக்கவேண்டும், வெளியே இரவல் கொடுக்கவும் கூடாது. விடுதி அறையில் படுத்துக்கொண்டு படிக்கவேண்டியது ஆவர்பாக்.

சந்தேகம் இருந்தால் இரண்டிலும் தாந்தே பற்றிய அத்தியாயத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தாந்தேயின் தலைக்குள் எத்தனை லத்தீன் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குர்ட்டியஸ் காட்டுகிறார். ஆவர்பாக் தாந்தேயின் 'டிவைன் காமெடி'யில் நரகப் பகுதியின் பத்தாம் காண்டத்தில் சில வரிகளை எடுத்துக்கொள்கிறார். எரியும் கல்லறைகள் திறந்து கிடக்கின்றன. ஃபாரினாத்தா என்னும் பெருமகன் இடுப்புவரை நிமிர்ந்து நின்று தாந்தேயோடு தங்கள் ஊர் அரசியல் பேசுகிறான். நடுவில் பக்கத்திலிருந்து இன்னொரு தலை மெதுவாக எழும்புகிறது, மோவாய் வரைக்கும்தான். அது கவல்கான்டே, தாந்தேயின் நண்பன் குய்தோவின் அப்பா. என் மகன் எங்கே, ஏன் உன்னோடு வரவில்லை என்று கேட்கிறார். தாந்தே பதிலில் குய்தோவைப் பற்றிச் சொல்லும்போது வினைச்சொல் இறந்தகாலத்தில் விழுந்துவிடுகிறது. அப்பா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். அப்படியென்றால் அவன் உயிரோடு இல்லையா? தாந்தே பதில் சொல்லத் தாமதித்ததும் அவர் அப்படியே மல்லாந்து விழுகிறார், பிறகு எழும்பவே இல்லை. ஃபாரினாத்தா கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறான்.

இந்தச் சில வரிகளுக்குள் எத்தனை குரல், எத்தனை வேகத்தில் மாறுகிறது, அதற்கு இலக்கணம் எப்படி வேலை செய்கிறது என்று ஆவர்பாக் சொல்லச் சொல்ல, இறந்த பிறகும் மனிதன் தன் குணத்தோடும் தன் ஊரோடும் தன் பிள்ளையோடும் இருக்கிறான் என்பது நமக்கே விளங்கிவிடுகிறது. இறந்தகால வினை ஒன்று ஒரு தகப்பனைச் சாய்ப்பதைப் பார்த்த மாணவிக்கு, மொழிதான் உலகத்தை உண்டாக்குகிறது என்று அப்புறம் யாரும் தனியாகக் கோட்பாடு சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவர்பாக்கிடம் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், பணம் கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும். ஆங்கில இலக்கியம் குறைவு. ஷேக்ஸ்பியர், வுல்ஃப் இருவரைத் தவிர ஆங்கிலத்துக்கென்று அத்தியாயம் இல்லை. ரஷ்ய நாவல்களுக்குச் சில பக்கங்கள்தான். மூலமொழியில் படிக்க முடியாதவற்றைப் பற்றி விரிவாக எழுதமுடியாது என்று அவரே காரணம் சொல்கிறார். டால்ஸ்டாயையும் தாஸ்தாயெவ்ஸ்கியையும் தமிழில் படித்து வளர்ந்த நமக்கு அது ஏமாற்றம்தான். அங்கே ரஷ்ய விமரிசகர் பக்தினின் தாஸ்தாயெவ்ஸ்கி புத்தகம் கைகொடுக்கும், 1963இல் அவர் திருத்தி வெளியிட்டது.

பண்பாட்டுக் கோட்பாடு என்று அந்த மாணவி கேட்டிருந்தாரே, அதற்கு அடுத்த வருடம் பணம் கிடைத்தால் ரேமண்ட் வில்லியம்ஸின் 'கிராமமும் நகரமும்' வாங்கட்டும், 1973இல் வந்தது. வேல்ஸ் எல்லையில் ஒரு கிராமத்தில் ரயில்வே சிக்னல்காரர் வீட்டில் பிறந்தவர் வில்லியம்ஸ். "அந்தக் காலத்து நல்ல கிராமம் இப்போதுதான் அழிந்தது" என்று யாராவது எழுதியிருந்தால், சரி, அந்தக் காலத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று நம்மைக் கூட்டிப் போகிறார். அங்கே இருப்பவரும் அதையேதான் சொல்கிறார், நல்ல காலம் அவர் சிறுவயதில் முடிந்துபோயிற்றாம். இப்படி நகரும் படிக்கட்டில் ஏறியதுபோலப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறோம், ஏதேன் தோட்டம் வரைக்கும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் பென் ஜான்சன் ஒரு பிரபுவின் மாளிகையைப் பாடிய கவிதையைப் படிக்கிறார். அதில் கௌதாரி தானே விரும்பிச் சாப்பாட்டுக்குச் சாக வருகிறது, மீன் தானே வலைக்குள் ஓடி வருகிறது. பிடித்தவர்கள் எங்கே, உழுதவர்கள் எங்கே என்று வில்லியம்ஸ் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது அவருடைய கோட்பாடு முழுவதும். பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த்தும் இதே ரகம்தான். 'எஸ்/இசட்' என்ற புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் ஒரு சிறுகதையை 561 துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, கதையையும் அதே புத்தகத்தின் கடைசியில் சேர்த்து வைத்தார்.

அறிமுக நூலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கில விமரிசகர் டெரி ஈகிள்டன் 1983இல் எழுதிய இலக்கியக் கோட்பாட்டு அறிமுகம் நல்ல புத்தகம், எனக்கே பல விஷயம் அதில்தான் தெளிந்தது. அதை நூலகத்தில் எடுத்து ஒரு வாரத்தில் படித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிப் பத்து வருடம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் புத்தகம் வேறு.

கடைக்குப் போனால் அந்த மாணவி ஒன்று செய்யட்டும். நானும் வாங்கும்போதெல்லாம் அதைத்தான் செய்தேன். முன்னுரையையும் பின்னட்டைப் புகழுரையையும் விட்டுவிட்டு நடுப்பக்கத்தைத் திறங்கள். ஒரு கவிதையோ, நாவலின் ஒரு பத்தியோ மேற்கோளாக இருக்கிறதா, அதை ஆசிரியர் சொல் சொல்லாகப் படிக்கிறாரா என்று பாருங்கள். பத்துப் பக்கம் புரட்டியும் பிற அறிஞர்களின் பெயர்கள் மட்டுமே வந்தால் மூடி வைத்துவிடலாம். அப்புறம் கடைசிக்குப் போய்ச் சொல்லடைவைப் பாருங்கள். அதில் இலக்கியப் படைப்புகளின் பெயர்கள் நிறைய இருக்கவேண்டும். இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பதிப்பின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2003இல் வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கவேண்டும். இலக்கிய விமரிசகர் எட்வர்ட் சயீதின் நீண்ட முன்னுரை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தன்னை விமரிசித்தவர்களுக்கு ஆவர்பாக் எழுதிய பதிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படி விமரிசித்தவர்களில் ஒருவர் குர்ட்டியஸ். புதுப் பிரதி விலை கட்டாது என்றால் பழைய பிரதி கிடைத்தாலும் தைரியமாக வாங்கலாம், மொழிபெயர்ப்பு அதே டிராஸ்க்குடையதுதான்.

அந்த மாணவியின் முகவரி உங்களிடம் இருக்கும். என்னிடம் சொந்தமாக ஒரு பழைய பிரதி இருக்கிறது, முதுகுப்பட்டை மட்டும் பிரிந்திருக்கிறது. பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன், வரும் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். நீங்கள் சம்மதித்தால் உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பி வைக்கிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள். திருப்பித் தர அவசரம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
திருநெல்வேலி